எந்த மண்ணுக்கு எவ்வளவு காற்று: எம்டிபி டயரைப் புரிந்துகொண்டு ஓட்டுவது எப்படி

எம்டிபி, அதாவது காட்டுப்பாதையில் ஓட்டுகிற மவுண்டன் பைக், வாங்கின கையோடு எல்லாரும் கேட்கிற கேள்வி, எந்த டயர் போடலாம் என்பது. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: நீங்கள் ஓட்டுகிற இடத்தில் மண் எப்படிப்பட்டது, இப்போது உங்கள் டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது. இந்த இரண்டுக்கும் சட்டென்று பதில் சொல்லத் தெரிந்தவர் சைக்கிளோடு வந்த சாதாரண டயரை வைத்தே நன்றாக ஓட்டிவிடுவார், தெரியாதவருக்கு எவ்வளவு விலை கொடுத்து வாங்கின டயரும் வளைவில் வழுக்கத்தான் செய்யும்.

அதிலும் நம் ஊரில் மண் ஒரே மாதிரி இருப்பதில்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள், ஒரே வாரக் கடைசியில் கரிசல் காடு, செம்மண் கிராவல், நீலகிரி ஏறினால் தேயிலைத் தோட்டத்து ஜல்லிப் பாதை, அங்கேயே கொஞ்சம் உள்ளே போனால் ஈர வேரும் சருகும் என்று எல்லாவற்றையும் பார்த்துவிடுவார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்கள் எழுதுகிற டயர் ஆலோசனை அவர்கள் மண்ணுக்கு எழுதியது. நம் மண்ணுக்கு நாம்தான் கணக்குப் போட வேண்டும்.

டயர் எதை வைத்துத் தரையைப் பிடிக்கிறது

மூன்று வழி இருக்கிறது. ஒன்று, ரப்பர் அமுங்கி, தரையிலுள்ள சின்னச் சின்ன மேடு பள்ளங்களுக்குள் போய் உட்கார்வது. பாறை, தார், காய்ந்த கெட்டி மண் எல்லாவற்றிலும் இதுதான் நடக்கிறது. இரண்டு, டயரின் பட்டன்கள், அதாவது மேலே துருத்திக்கொண்டிருக்கும் ரப்பர் கட்டிகள், மண்ணைக் குத்தி உள்ளே இறங்கிப் பிடிப்பது, இது இளகிய மண்ணுக்கு. மூன்று, அகலமான டயர் எடையைப் பரப்பிக்கொடுத்துப் புதையாமல் மேலாக மிதப்பது, இது மணலுக்கு. எந்தத் தரையில் எந்த வழி வேலை செய்யும் என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வந்துவிடும்.

மூன்றுக்கும் பொதுவாக இருப்பது டயர் தரையைத் தொடுகிற பரப்பு. அதைத் தோராயமாகக் கணக்கிடலாம்: சக்கரத்தின் மேல் இறங்கும் எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் போதும். பின் சக்கரத்தில் 40 கிலோ இறங்குகிறது, காற்று 40 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கிற அலகு) என்று வைத்துக்கொள்ளுங்கள், தொடுபரப்பு சுமார் 14 சதுர சென்டிமீட்டர். அதே டயரில் 25 பிஎஸ்ஐ வைத்தால் சுமார் 23. ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் பிடிப்புக்கான இடம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிட்டது. டயரின் சுவர் விறைப்பாக இருந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும், ஆனாலும் போகிற திசை இதுதான்.

காற்று: இதில்தான் முக்கால்வாசி விஷயம்

பஞ்சர் கடையில் சைக்கிளைக் கொடுத்தால் டயரை விரலால் அழுத்தமுடியாத அளவுக்கு இறுக அடித்துத் தருவார்கள். தார் ரோட்டில் மூட்டை ஏற்றிப் போகும் சைக்கிளுக்கு அது சரியான பழக்கம். எம்டிபியைக் காட்டுப்பாதைக்கு எடுத்துப் போகும்போது அதே காற்று எதிரியாகிவிடும், ஏனென்றால் இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் மோதித் துள்ளும், துள்ளும் நேரத்தில் தரையில் பிடிப்பே இருக்காது. குறைந்த காற்றில் டயர் கல்லைச் சுற்றி அமுங்கி, சைக்கிளையும் உங்களையும் மேலே தூக்காமல் தாண்டிவிடும். கரடுமுரடான பாதையில் காற்றைக் குறைத்தால் வேகம் குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், பெரும்பாலும் நேர்மாறாகத்தான் நடக்கும். ஒவ்வொரு துள்ளலுக்கும் செலவாகிற சக்தி உங்கள் காலிலிருந்துதான் போகிறது.

எங்கிருந்து ஆரம்பிப்பது? 2.3 அல்லது 2.4 இஞ்ச் அகல டயர், டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாதது) என்றால், உங்கள் எடையைக் கிலோவில் எடுத்து 0.31-ஆல் பெருக்குங்கள். வருகிற எண்ணில் ஒன்றைக் கழித்தால் முன் டயருக்கு, இரண்டைக் கூட்டினால் பின் டயருக்கு. 70 கிலோ ஆள் என்றால் முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐ வரும். 60 கிலோ என்றால் ஏறக்குறைய 18, 21. டியூப் போட்டிருந்தால் இதற்கு மேல் நாலைந்து பிஎஸ்ஐ கூட்டுங்கள், 2.1 இஞ்ச் மாதிரி ஒடுங்கின டயராக இருந்தால் இன்னும் இரண்டு மூன்று. டயரின் பக்கச் சுவரில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று எண்கள் அச்சிட்டிருப்பார்கள், அந்த எல்லைகளுக்குள் நில்லுங்கள். அதிகபட்சம் என்பது தாண்டக் கூடாத கோடு, அதுவரை அடிக்க வேண்டும் என்று அர்த்தமில்லை.

பின் சக்கரத்தில் எடை அதிகம் இறங்குவதால் அங்கே காற்று கொஞ்சம் கூடுதலாக வேண்டும். இரண்டு டயரிலும் ஒரே அளவு அடிப்பவர்கள் ஏராளம், அதை முதலில் மாற்றுங்கள்.

இது ஆரம்பம் மட்டும்தான், அப்புறம் உங்களுக்கான எண்ணை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். நன்றாகப் பழகின ஒரு சின்னப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு வளைவு, கொஞ்சம் கல், ஒரு சின்ன ஏற்றம் இருந்தால் போதும். ஒரு சுற்று ஓட்டுங்கள், இரண்டு பிஎஸ்ஐ குறையுங்கள், மறுபடி ஓட்டுங்கள். ஒரு கட்டத்தில் கல்லில் ரிம் இடிக்கிற சத்தம் கேட்கும், அல்லது வேகமாக வளைக்கும்போது டயர் ரிம்முக்குக் கீழே மடங்கி நெளிவது தெரியும், டியூப்லெஸ்ஸாக இருந்தால் ஓரத்தில் புஸ் என்று காற்றுகூட வெளியேறலாம். அந்த எண்ணுக்கு மேல் இரண்டு பிஎஸ்ஐ ஏற்றினால் அதுதான் உங்கள் அளவு. அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டியூப் போட்டிருப்பவர்கள் கல் நிறைந்த பாதையில் இந்தச் சோதனையை ஜாக்கிரதையாகச் செய்ய வேண்டும், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கினால் அருகருகே இரண்டு ஓட்டை விழுந்துவிடும்.

இதற்கெல்லாம் காற்றை அளக்கிற நம்பகமான கேஜ் ஒன்று வேண்டும். தரையில் வைத்து மிதிக்கும் பம்புகளில் இருக்கிற கேஜ் பெரும்பாலும் நூறு பிஎஸ்ஐக்கு மேல் காட்டுவதற்காகச் செய்தது, இருபதுக்கும் இருபத்து நாலுக்கும் உள்ள வித்தியாசம் அதில் ஒரு முள்ளின் தடிப்புக்குள் அடங்கிவிடும். தனியாக ஒரு டிஜிட்டல் கேஜ் வாங்குங்கள். புது டயர் வாங்குவதற்கு முன்னால் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

மலை ஏறுகிறவர்களுக்கு ஒரு தனி விஷயம். மேட்டுப்பாளையத்தில் காற்றடித்து, சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குப் போனால் அங்கே கேஜ் வேறு எண் காட்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வெளியிலுள்ள வளிமண்டல அழுத்தம் அங்கே கீழே இருப்பதைவிட ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ குறைவு, அதனால் டயருக்குள் இருப்பது அந்த அளவுக்குக் கூடுதலாகத் தெரியும். மேலே குளிராக இருந்தால் உள்ளே காற்று சுருங்கி இரண்டு பிஎஸ்ஐ வரை திரும்பக் குறையும். வெயில் அடிக்கிற நாளில் அந்தக் குறைவும் இருக்காது. ஆகவே கீழே வைத்த எண்ணை நம்பாமல், மேலே போய் இறங்கினதும் மறுபடி பாருங்கள். ஒன்றிரண்டு பிஎஸ்ஐதானே என்று விடாதீர்கள், இருபதில் இரண்டு என்பது பத்தில் ஒரு பங்கு.

காய்ந்த செம்மண், மேலே சரளை

தமிழ்நாட்டில் அதிகம் ஓட்டப்படுவது இந்தத் தரையில்தான் என்று நினைக்கிறேன்: அடியில் சிமென்ட் தரை அளவுக்குக் கெட்டியான செம்மண், அதன் மேல் உருண்டையான சின்னச் சரளையும் புழுதியும். கோலிக்குண்டைக் கொட்டிவிட்டு அதன் மேல் ஓட்டுவது போன்ற நிலை. பட்டன் குத்தி இறங்க முயன்றால் அடியிலுள்ள கெட்டி மண் விடாது, ரப்பர் ஒட்டிப் பிடிக்க முயன்றால் நடுவில் சரளை உருளும். பார்க்க எளிதாகத் தெரிவதால் புதிதாக ஓட்டுகிறவர்கள் அதிகமாக விழுவதும் இங்கேதான்.

இதற்கு நடுத்தர உயரப் பட்டன்கள், ஓரங்கள் கூர்மையாக இருப்பவை, சரளையை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு அடித்தரையைத் தொடும் அளவுக்கு இடைவெளி உள்ளவை வேண்டும். மிகவும் உயரமான, மெல்லிய பட்டன் இந்தக் கெட்டித் தரையில் வளைந்து கொடுக்கும், வளைவில் டயர் நகர்வது போலத் தோன்றும். மேக்சிஸ் நிறுவனத்தின் ஐகான் மாதிரியான தாழ்ந்த பட்டன் டயர் சரளை இல்லாத கெட்டி மண்ணில் அருமையாக ஓடும், சரளை சேர்ந்ததும் முன் சக்கரத்தில் அதை நம்பிச் சாய்ப்பது கஷ்டம். அதே நிறுவனத்தின் மினியன் டிஎச்எஃப் போன்ற டயரில் நடுப் பட்டனுக்கும் ஓரப் பட்டனுக்கும் நடுவில் ஒரு வெற்று வாய்க்கால் இருக்கிறது, அரைகுறையாகச் சாய்த்தால் அந்த வாய்க்கால்தான் தரையைத் தொடும், பிடிப்பு போன மாதிரி இருக்கும். நன்றாகச் சாய்த்து ஓரப் பட்டன் தரையில் உட்கார்ந்ததும் டயர் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இந்த வகை டயரைப் போட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்பவர்களில் பலர் போதுமான அளவு சாய்ப்பதில்லை என்பது என் கணிப்பு.

சாய்ப்பது என்றால் உடம்பைச் சாய்ப்பதில்லை, சைக்கிளைச் சாய்ப்பது. உங்கள் உடம்பு டயருக்கு மேலேயே இருக்கட்டும், சைக்கிள் மட்டும் கீழே போகட்டும், வெளிப்பக்க பெடல் கீழே, எடை அதன் மேல். எடை முழுதும் பின்னால் போய்விட்டால் முன் டயர் லேசாகி முதலில் அதுதான் நழுவும், முன் டயர் நழுவினால் மீட்பது அரிது. பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே பிடித்து முடித்துவிடுங்கள். ஒரு டயரால் கொடுக்க முடிந்த பிடிப்பு ஓர் அளவுதான், அதைப் பிரேக்குக்கும் வளைவுக்கும் பங்கு போட்டால் இரண்டும் குறைந்துபோகும்.

இதே செம்மண், ஒரு நல்ல மழை பெய்து நின்று ஓரிரு நாள் கழித்து, மேலே காய்ந்து உள்ளே ஈரம் இருக்கும்போது ஓட்டிப் பாருங்கள். பட்டன் அளவாக இறங்கும், மண் உதிராமல் தாங்கும், வேண்டிய அளவுக்குச் சாய்க்கலாம். நமக்குக் கிடைக்கிற மிகச் சிறந்த தரை இதுதான், வடகிழக்குப் பருவமழையில் இரண்டு மழைக்கு நடுவே வருகிற வெயில் நாட்களை விட்டுவிடாதீர்கள். ஆனால் நீண்ட கோடைக்குப் பிறகு வருகிற முதல் தூறல் வேறு. புழுதி நனைந்து கெட்டித் தரையின் மேல் மெல்லிய சேற்றுப் படலமாக நிற்கும், அந்த அரைமணி நேரத்தில் எந்த டயரும் உதவாது, வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

கரிசல்

காய்ந்த கரிசல் வேகமான தரை, வெடிப்புகளை மட்டும் பார்க்க வேண்டும். கோடையில் கரிசல் மண் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும், அந்த வெடிப்பு உங்கள் போக்கிலேயே நீளமாக ஓடினால் ஒடுங்கின முன் டயர் அதில் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். வெடிப்பைக் குறுக்கே கடந்து போங்கள், கூடவே ஓட்டாதீர்கள்.

நனைந்த கரிசல் இன்னொரு உலகம். இந்த மண்ணிலுள்ள களிமண் தண்ணீரைக் குடித்து உப்பும், உப்பினதும் பசையாகும். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு அடுக்கு ஒட்டும், அந்த மண்ணின் மேல் அடுத்த அடுக்கு, கொஞ்ச தூரத்திலேயே டயரின் பட்டன் எதுவும் வெளியே தெரியாது. அப்புறம் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி அடைத்துக்கொள்ளும், பின்னால் பிரேமுக்கு நடுவிலும் அடைக்கும், சக்கரம் நின்றுவிடும். சேற்றுக்கென்று விற்கிற டயர்கள் உயரமான பட்டனும் நிறைய இடைவெளியும் வைத்திருப்பது சுற்றும்போது சேறு தெறித்து விழுவதற்காக, தண்ணியான சேற்றில் அது நன்றாகவே வேலை செய்யும், ஷ்வால்பே நிறுவனத்தின் மேஜிக் மேரி மாதிரி திறந்த பட்டன் டயர்கள் மலையில் மழைக்காலத்தில் உதவும். கரிசலில் தெறிக்காது, ஒட்டினது ஒட்டினதுதான்.

அதனால் சொல்கிறேன், கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கம் மழை பெய்த மறுநாள் காட்டுக்குள் இறங்காதீர்கள். நடுவழியில் மாட்டிக்கொண்டால் பெடலை மேலும் மிதிக்க வேண்டாம். மண் செயினிலும், செயினை நகர்த்திப் பின் கியரை மாற்றுகிற டிரெயிலியரிலும் ஏறியிருக்கும், அந்த நிலையில் பலம் கொடுத்து மிதித்தால் டிரெயிலியரைத் தாங்கும் சின்னக் கொக்கி வளைந்தோ உடைந்தோ போகும், அதற்குப் பதில் துண்டு எல்லாக் கடையிலும் கிடைக்காது. இறங்கி, ஒரு குச்சியால் மண்ணைக் குத்தித் தள்ளிவிட்டு, தூக்கிக்கொண்டு புல் இருக்கிற ஓரத்துக்கு வாருங்கள், புல்லின் மேல் டயர் ஓரளவு சுத்தமாகும். வீட்டில் கழுவும்போது வண்டி கழுவுகிற பிரஷர் பம்பைப் பேரிங் பக்கம் காட்டாதீர்கள்.

மணல்

தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணல், ஓடை மணல், கடற்கரை, எல்லாவற்றுக்கும் சூத்திரம் ஒன்றே: மிதக்க வேண்டும். பட்டனின் வடிவம் இங்கே கிட்டத்தட்ட பொருட்டே இல்லை, இன்னும் சொல்லப்போனால் கூர்மையான உயரப் பட்டன் பின் சக்கரத்தில் மணலைத் தோண்டிக் குழி பறிக்கும். அகலம், குறைந்த காற்று, இரண்டும்தான் காப்பாற்றும். 2.4 இஞ்ச் டியூப்லெஸ்ஸாக இருந்து மணலில் கல் எதுவும் இல்லையென்றால் 15 அல்லது 16 பிஎஸ்ஐ வரைகூட இறங்கலாம், டயரில் அச்சிட்ட எல்லை இடம் கொடுக்க வேண்டும். திரும்பக் கல்பாதைக்கு வரும்போது காற்றை ஏற்றிக்கொள்ள பம்ப் கையில் இருக்கட்டும்.

மணலுக்குள் நுழைவதற்கு முன்பே கியரை மாற்றிவிடுங்கள். எடை கொஞ்சம் பின்னால், கை தளர்வாக, பெடல் ஒரே சீராக. முன் சக்கரம் தானாக அங்குமிங்கும் அலையும், அதை இறுக்கிப் பிடித்துத் திருத்த நினைத்தால் அங்கேயே புதைந்து நிற்கும். தேரியின் ஆழமான பகுதியில் சாதாரண எம்டிபி டயர் தோற்றுப்போகும், அதற்கு நாலு இஞ்ச் ஃபேட் டயர் வேண்டும். கடற்கரையில் அலை வந்து போகிற ஈர ஓரம் கெட்டியாக இருக்கும், ஓட்ட சுகமானது, ஓட்டினால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

பாறை, தேயிலைத் தோட்டத்து ஜல்லி

காய்ந்த பாறை டயருக்கு நண்பன். பார்க்கப் பயமாக இருக்கும் சரிவில்கூட, பாறையின் சொரசொரப்பில் மிருதுவான ரப்பர் நம்ப முடியாத அளவுக்குப் பிடிக்கும். பாறையின் மேல் மணலோ புழுதியோ படிந்திருக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். மழையில் நனைந்த பாறையும் சொரசொரப்பாக இருந்தால் ஓட்டலாம், பாசி பிடித்திருந்தால் இறங்கி நடங்கள்.

ரப்பரின் மிருதுத்தன்மையை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள், ஐம்பதை ஒட்டி இருந்தால் மிருது, அறுபதுக்கு மேல் போகப் போக விறைப்பு. மிருதுவான ரப்பர் அமுங்கினால் மெதுவாக நிமிரும், கல்லில் பட்டுத் திரும்பத் துள்ளாது, அதனால்தான் ஒட்டுகிறது, அதனால்தான் ஏற்றத்தில் இழுக்கிறது, சீக்கிரம் தேய்கிறது. மேக்சிஸ்ஸில் மேக்ஸ்கிரிப் மிக மிருது, மேக்ஸ்டெரா அதற்கு அடுத்தது. ஷ்வால்பேயின் அடிக்ஸ் வரிசையில் டயர் மேலிருக்கும் கோட்டின் நிறத்தைப் பார்த்தால் போதும்: சிவப்பு வேகத்துக்கு, நீலம் நடுத்தரம், ஆரஞ்சு மிருது, ஊதா மிக மிருது. வீட்டிலிருந்து பாதை வரை இருபது கிலோமீட்டர் தாரில் ஓட்டிப் போகிறவர் ஊதாவை வாங்கினால் பணம் ரோட்டில்தான் தேயும்.

நீலகிரி, வால்பாறை எஸ்டேட் பாதைகளில் மண்ணுக்குள் பாதி புதைந்த உடைஜல்லி இருக்கும். உருளாது, ஆனால் ஓரம் கூர்மை, டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். மெல்லிய சுவருள்ள பந்தய டயரை இங்கே கொண்டுவராதீர்கள், மேக்சிஸ்ஸில் எக்ஸோ என்று போட்டிருப்பது போலச் சுவர் பலப்படுத்தின டயர் வேண்டும். இந்தத் தரைக்கு மட்டும் காற்றை ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கூடுதலாகவே வையுங்கள். எஸ்டேட் பாதைகள் தனியார் நிலம், கேட்டுவிட்டு நுழையுங்கள், காப்புக்காட்டுக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போகவே கூடாது.

வேர், சருகு

ஈர வேர் தோல் உரிந்து வழவழப்பாக இருக்கும், பட்டனும் இறங்காது, ரப்பருக்குப் பிடிக்கச் சொரசொரப்பும் இல்லை. வேருக்கு நேர்குறுக்காக, பிரேக்கைத் தொடாமல், பெடலை மிதிக்காமல், முன் சக்கரத்தை லேசாக்கித் தாண்டுங்கள். சரிவாகக் குறுக்கே ஓடுகிற வேரில் முன் டயர் வேரின் போக்கிலேயே வழுக்கிக்கொண்டு போகும், அங்கே வேறு தடம் தேடுவதுதான் புத்திசாலித்தனம். சில்வர் ஓக் சருகு, கொடைக்கானல் பைன் ஊசி, யூகலிப்டஸ் பட்டை மூன்றும் அடியில் என்ன இருக்கிறது என்பதை மறைக்கும், காய்ந்திருந்தால் சரளையாகவும் நனைந்திருந்தால் ஈர வேராகவும் நினைத்து ஓட்டுங்கள். மிருதுவான ரப்பரும் குறைந்த காற்றும் இங்கே கொஞ்சம் கைகொடுக்கும்.

தார்

காற்றை ஏற்றுங்கள், 30-க்கு மேல் போகலாம். உயரப் பட்டன் டயரில் தார் வளைவை வேகமாக எடுக்காதீர்கள், பட்டன் மடங்கி திடீரென்று விட்டுவிடும்.

முள்

வெளிநாட்டு டயர் ஆலோசனை எதிலும் சீமைக்கருவேல முள்ளைப் பற்றி இருக்காது, நமக்கு மண்ணுக்கு அடுத்த பெரிய பிரச்சினை அதுதான். ராமநாதபுரம், விருதுநகர், சிவகங்கை என்று எங்கே போனாலும் கண்மாய்க்கரையில் வெட்டிப் போட்ட கிளை கிடக்கும். கூடவே நெருஞ்சி, அதே செடியைத்தான் அமெரிக்காவின் வறண்ட மாநிலங்களில் சைக்கிள்காரர்கள் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

டியூப்லெஸ்ஸுக்கு மாறுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. 29 இஞ்ச் 2.4 டயருக்கு 100 முதல் 120 மில்லி வரை சீலன்ட் (ஓட்டையை அடைக்கிற திரவம்) ஊற்றுங்கள், நெருஞ்சி குத்தின ஓட்டைகள் உங்களுக்குத் தெரியாமலேயே அடைபடும். கருவேல முள் ஏறியிருந்தால் பிடுங்கிவிட்டு, ஓட்டை கீழே வருமாறு சக்கரத்தைச் சுற்றி சீலன்ட் அங்கே சேர விடுங்கள், அடைபடாவிட்டால் ரப்பர் திரியைச் சொருகுங்கள். நம் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள், தளதள என்று சத்தம் வரவில்லையென்றால் ஊற்றுகிற நேரம் வந்துவிட்டது. டியூப்லெஸ்ஸுக்கு ஏற்ற ரிம் இல்லாதவர்கள் பிரெஸ்டா என்கிற மெல்லிய வகை வால்வின் நடுத்தண்டு கழலுமானால் டியூபுக்குள்ளேயே சீலன்ட் விடலாம், முழுத் தீர்வு இல்லை, ஆனால் பாதித் தொல்லை தீரும். முள்காட்டுக்குப் போகும்போது ஒரு டியூப் பையில் இருக்கட்டும், டியூபை மாட்டுவதற்கு முன்னால் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவி, ஒடிந்து நிற்கிற முள் முனைகளை எல்லாம் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் புது டியூபும் அதே இடத்தில் போய்விடும்.

புது டயர் வாங்குவது

இவ்வளவும் செய்து பார்த்த பிறகும் போதவில்லை என்றால் வாங்குங்கள், பணத்தை முன் டயரில் போடுங்கள். முன்னால் பிடிப்பு, பின்னால் வேகம்: முன்னுக்கு உயரப் பட்டனும் மிருது ரப்பரும், பின்னுக்குத் தாழ்ந்த, நெருக்கமான பட்டனும் விறைப்பான ரப்பரும். பின் டயர் நழுவினால் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளலாம், அது தேய்வதும் வேகமாக, அதனால் அங்கே விலை குறைந்ததே போதும். உங்கள் பாதை எண்பது சதவிகிதம் எந்தத் தரையோ அதற்காக வாங்குங்கள், வருடத்துக்கு ஒருமுறை போகிற ஊட்டிப் பயணத்துக்காக வேண்டாம். ரிம்மின் உள் அகலம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள், 30 மில்லிமீட்டர் என்றால் 2.4, 2.5 அழகாக உட்காரும், இருபதை ஒட்டின பழைய ரிம்மில் அவ்வளவு அகல டயரைப் போட்டால் வளைவில் பக்கவாட்டில் மடங்கும். பிரேமிலும் ஃபோர்க்கிலும் இரண்டு பக்கமும் விரல் நுழையும் அளவுக்கு இடமிருக்கிறதா என்பதையும் அளந்துகொள்ளுங்கள். பக்கச் சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், மாட்டும்போது அதைப் பாருங்கள்.

பின் டயரின் நடுப் பட்டன்கள் பாதியாகத் தேய்ந்ததும் முன் டயரைப் பின்னுக்கு மாற்றி, புதியதை முன்னுக்குப் போடுங்கள். தேய்ந்த பின் டயரை ஒருபோதும் முன்னுக்குக் கொண்டுவராதீர்கள். ஓரப் பட்டன்களின் அடியில் விரிசல் விட்டிருந்தாலோ, பக்கச் சுவரில் நூல் வெளியே தெரிந்தாலோ, பட்டன் எவ்வளவு உயரமாக இருந்தாலும் அந்த டயரைக் கழற்றிவிடுங்கள். மொட்டை மாடி வெயிலில் நிற்கிற சைக்கிளுக்கு ஓட்டாமலேயே இந்த விரிசல் வரும், நிழலில் நிறுத்துங்கள்.